காற்றை முடிந்துவைத்த தட்டப்பயறு

அந்தக் காலத்தில் செடிகளுக்குக் காலும் உண்டு, வாயும் உண்டு. காலுக்காவது அவ்வப்போது ஓய்வு கிடைக்கும். வாய்க்கு ஓய்வே கிடையாது! கரிசல் பூமியில் மழையை நம்பி விதைக்கிற நிலத்தைக் காடு என்பார்கள். ஐப்பசி மழை பெய்த கையோடு அந்தக் காட்டுக்குள் போய் நின்று பார்த்தால் சந்தைக் கூட்டம் மாதிரி இரைச்சலாக இருக்கும். விதையிலிருந்து தலையை நீட்டிய செடியெல்லாம் "தள்ளு தள்ளு, இது என் இடம்" என்று சண்டை போட்டுக்கொண்டு, பிடித்த இடமாகப் பார்த்து நடந்துபோய் நிற்கும். விளைந்து முடிந்தால் யாரும் அறுக்க வேண்டியதில்லை. தாங்களே வரிசையாகக் களத்துக்கு நடந்துபோய், தலையை ஒரு உதறு உதறித் தானியத்தைக் கொட்டிவிட்டு, அப்படியே காய்ந்து சாய்ந்துவிடும். உழுது பிழைக்கிற சம்சாரிக்கு எவ்வளவு சுகம் பாருங்கள்!

அந்தச் சுகத்தில் இருந்தவள்தான் வெயிலுகந்தாள். நரிப்பாறைக் காடு அவளுடையது. சும்மா சொல்லக் கூடாது, சுத்தக்காரி. களத்தில் காய்ந்து சாய்ந்த செடிகளைக் காலோடு சேர்த்துக் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோவாள். இலை மாட்டுக்கு, தண்டும் வேரும் அடுப்புக்கு. மாடு போட்ட சாணியையும் விடமாட்டாள். வரட்டி தட்டிக் காயவைத்து அதையும் அடுப்பில் வைத்துவிடுவாள். அவள் காட்டில் தேடினாலும் ஒரு துரும்பு கிடைக்காது. பெருக்கித் துடைத்த வீடு கெட்டது போங்கள்! அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு.

அந்தக் காட்டில் தட்டப்பயறு என்று ஒருத்தி இருந்தாள். மெலிந்த கொடி. நிமிர்ந்து நிற்க வராது. எந்நேரமும் யார்மேலாவது சாய்ந்துகொண்டுதான் நிற்பாள். ஆமணக்கு மேல் சாய்ந்தால் அவன் தோளைக் குலுக்கி விலகிப்போவான். பருத்திமேல் சாய்ந்தால் "ஏட்டி, புதுச்சேலை கசங்குது, தள்ளி நில்லு" என்பாள். எள்ளுச்செடி கிட்டவே விடமாட்டாள். சாயவிட்டது சோளம் ஒருத்தன்தான். நெடுநெடுவென்று வளர்ந்தவன், அகலத்தோள்காரன், பெருந்தீனிக்காரன். அவளுக்கு மச்சான் முறை.

"ஏளா, வந்து சாஞ்சுக்கோ. கொடி பாரத்துலயா நான் ஒடிஞ்சிரப்போறேன்?" என்பான்.

தை பிறந்ததும் களத்துக்கு நடக்கிற அந்த நடைக்காகத்தான் தட்டப்பயறு முளைத்த நாள் முதல் காத்திருப்பாள். மச்சான் தோளில் சாய்ந்தபடி, ஓடையைத் தாண்டி, பாறையைச் சுற்றி, கதை பேசிக்கொண்டே நடப்பாள். அவளுடைய சந்தோஷமெல்லாம் அந்த நடைதான்.

ஒரு மார்கழியில் அந்தத் தோள் தளர்ந்தது.

முதலில் சோளத்தின் அடி இலை மஞ்சளாச்சு. நுனியில் தொடங்கிய மஞ்சள் நடு நரம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறியது. பிறகு அதற்கு மேல் இலை. கதிர் வெளியே தலை நீட்ட வேண்டிய நேரத்தில் அவன் நின்ற இடத்திலேயே கண்ணை மூடித் தள்ளாடினான். தட்டப்பயறு பதறிப்போய் அவன் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"மச்சான்! என்ன மச்சான் பண்ணுது?"

"பசிக்குதுளா," என்றான் அவன். அதற்கு மேல் பேசத் தெம்பில்லை.

தட்டப்பயறு குனிந்து கரிசல்மண்ணைக் கூப்பிட்டாள். அந்தக் காட்டில் எல்லோருக்கும் சோறு போடுகிறவள் அவள்தான். கரிசலக்கா என்று கூப்பிடுவார்கள். "கரிசலக்கா, மச்சானுக்கு ஒரு வாய் போடுக்கா, விழுந்துருவான் போல இருக்கு!"

கரிசலக்கா தன் சோற்றுப்பானையைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை. அடிப்பானை பளபளவென்று தெரிந்தது.

அவ்வளவுதான், காடு அலறிவிட்டது! "எல்லாத்தையும் இந்த நெட்டையன்தான் தின்னுட்டான்" என்று ஆமணக்கு கத்தினான். "நீ மட்டும் உபவாசமா இருந்தே?" என்று பருத்தி பாய்ந்தாள். எள்ளு ஒரு பக்கம் அழுகை. சத்தம் கேட்டு வெயிலுகந்தாள் ஓடி வந்தாள்.

"வாங்க மகராசி," என்றாள் கரிசலக்கா. கோபம் வந்தால் அவளுக்கு மரியாதை கூடும். "இவங்க தின்னாங்க, தின்னாங்க. நீங்க வழிச்சீங்க, வழிச்சீங்க. ஒரு சருகாவது எனக்குன்னு விட்டு வச்சீங்களா? சாணியைக்கூட அடுப்புல வச்சீங்க. வெறும்பானையில எத்தனை வருசம் நான் சோறு பொங்க?"

வெயிலுகந்தாளுக்கு முகம் செத்துப்போச்சு. இத்தனை நாள் எதைப் பெருமை என்று நினைத்தாளோ அதுவே அவள் தலையில் விழுந்தது. "இப்ப என்னத்தா செய்ய? கையில ஒண்ணுமில்லையே," என்றாள்.

"இங்க இல்லை. அவன்கிட்ட இருக்கு," என்று கரிசலக்கா மேலே காட்டினாள். "வாடைக்காத்து மடியில இருக்கிற சத்துக்கு அளவே கிடையாது. அதுல ஒரு பிடி என் பானையில விழுந்தா போதும், இந்தக் காடு பிழைச்சிரும். ஆனா அவனை யாரு பிடிக்க?"

மேலே போய்க்கொண்டிருந்த வாடைக்காற்று அதைக் கேட்டுவிட்டான். சர்ரென்று இறங்கி, காட்டைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து, வெயிலுகந்தாளின் முந்தானையைப் பறக்கவிட்டுச் சிரித்தான். சிரிப்பா அது! பாறை அதிர்ந்தது.

"என்னையவா பிடிக்கப் போறீங்க? நானும் காடு காடா அலையுதேன், இப்படி ஒரு வேடிக்கையைக் கேட்டதில்லை! சரி, பிடிங்க பாப்போம். இப்பத்தான் வெயில் ஏறுது. பொழுது சாயிறதுக்குள்ள என் மடியில கை வச்சு ஒரு பிடி எடுத்துட்டீங்கன்னா, எடுத்தது உங்களுக்கு. முடியலைன்னு வைங்க..." அவன் குனிந்து தரையில் ஒரு ஊது ஊதினான். கருப்புப் புழுதி எழும்பியது. "இந்தக் கரிசலை வாரிக் கட்டித் தூக்கிட்டுப் போயிருவேன். மிச்சம் பாறைதான்."

யாராவது வாயைத் திறப்பதற்குள் ஆமணக்கு முந்திக்கொண்டு "சரி!" என்று சொல்லித் தொலைத்தான்.

"அட கூறுகெட்டவனே!" என்று கரிசலக்கா கத்தினாள். சொன்னது சொன்னதுதானே, திரும்ப வாங்க முடியுமா? பந்தயம் விழுந்துவிட்டது. மச்சானின் பசி போதாதென்று இப்போது காடே போகப் போகிறது.

வாடை புறப்பட்டான்! வடக்கு ஓரத்தில் கிளம்பினால் தெற்கு ஓரத்தில் திரும்புவான். திரும்பும்போதெல்லாம் ஒரு கூச்சல். "ஏ, வா! ஏ, பிடி!"

ஆமணக்கு முதல் ஆளாகப் பாய்ந்தான். அப்போது அவன் இலை தாம்பாளம் மாதிரி வட்டமாக இருக்கும். இரண்டு இலையையும் அகல விரித்துக்கொண்டு குறுக்கே நின்றான். வாடை நேராக வந்து மோதினான். டர்ர்ர்! இலை விரல் விரலாகக் கிழிந்தது. விரலிடுக்கு வழியாக அவன் வழுக்கிக்கொண்டு ஓடிவிட்டான். ஆமணக்கு கிழிந்த இலையைப் பார்த்து "ஐயையோ, என் அழகு போச்சே" என்று உட்கார்ந்துவிட்டான். அந்தக் கிழிசல் இன்றுவரை ஒட்டவில்லை.

அடுத்தது பருத்தி. அவள் புத்திக்காரி, காயைத் திறந்து வைத்துக்கொண்டு பதுங்கியிருந்தாள். வாடை உள்ளே நுழைந்ததும் டப்பென்று மூடினாள். "மாட்டிக்கிட்டான்! மாட்டிக்கிட்டான்!" காடே குதித்தது. வெயிலுகந்தாள் குலவை போடவே வாயைக் குவித்துவிட்டாள். அதற்குள் காய் உப்பியது, உப்பியது, படாரென்று வெடித்தது! அவள் உள்ளே மடித்து வைத்திருந்த வெள்ளைச் சேலையை வெளியே இழுத்துப் பறக்கவிட்டுக்கொண்டு அவன் போய்விட்டான். எள்ளுச்செடியும் காயைத் திறந்து பார்த்தாள். காற்று வந்த வேகத்தில் விதையெல்லாம் பொலபொலவென்று கொட்டியதுதான் மிச்சம்.

பொழுது உச்சியைத் தாண்டிவிட்டது. தரையில் வெடிப்புகள் அகலமாகிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு சுற்றுக்கும் வாடை கொஞ்சம் கொஞ்சமாகப் புழுதியை அள்ளிப் பார்த்தான், சுமை தூக்கப் போகிறவன் எடை பார்க்கிற மாதிரி.

அப்போது சோளம் கண்ணைத் திறந்தான். "நான் போறேன்," என்றான்.

"நிக்கவே முடியலை, எங்க மச்சான் போறே?"

"வேற யாருளா இருக்கா?"

அவன் நடுக்காட்டில் போய் நின்றான். மஞ்சள் பூத்த இலைகளைக் கயிறு மாதிரி வீசி வீசி வாடையைச் சுற்றப் பார்த்தான். சரசர, சரசர! காடு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. நல்ல தெம்போடு இருந்த காலமாக இருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. வாடை ஒரு முட்டு முட்டினான். சோளத்தின் முதுகு வில்லாக வளைந்தது. இன்னொரு முட்டு விழுந்தால் ஒடிந்துவிடும்!

தட்டப்பயறு ஓடினாள். அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை. விழுந்து எழுந்து, விழுந்து எழுந்து ஓடிப்போய், மச்சானைக் காலிலிருந்து தோள்வரை சுற்றிக் கட்டிக்கொண்டாள். "முட்டுடா பாப்போம்!" என்று காற்றைப் பார்த்துக் கத்தினாள். எல்லோர்மேலும் சாய்ந்தே பழகியவளுக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ! வாடை முட்டினான். இரண்டு பேரும் சேர்ந்து ஆடினார்கள், ஒடியவில்லை. ஆனால் அந்த ஆட்டத்தில் தட்டப்பயறின் கால் வழுக்கி ஒரு வெடிப்புக்குள் இறங்கிவிட்டது.

உள்ளே யாரோ கிளுகிளுவென்று சிரித்தார்கள்.

"யாரு?" என்றாள்.

"நாங்கதான் பொடிசுக. மண்ணுக்குள்ள குடியிருக்கோம். உங்க கண்ணுக்கெல்லாம் நாங்க தெரியமாட்டோம்."

"இங்க உசிர் போகுது, உங்களுக்குச் சிரிப்பா வருது?"

"பின்ன என்னத்தா! மேல ஓடுறவனையே துரத்துறீங்களே. இந்தா, வெடிப்புக்குள்ள காலை நீட்டி உக்காந்திருக்கானே, இவன் யாராம்? மேல இருக்கையில அவனுக்கு ஆட்டம். உள்ள வந்துட்டா அசையமாட்டான், தூங்குவான்."

தட்டப்பயறு காலால் தொட்டுப் பார்த்தாள். ஆமாம்! வெடிப்புக்குள் குளிர்ந்து, அசையாமல், காற்று இருந்தது.

"உங்களால இவன் மடியில கை வைக்க முடியுமா?"

"எங்களுக்கு அது ஒரு வேலையா? எங்க பரம்பரைத் தொழிலே அதுதான்!"

"அப்புறம் ஏன் சும்மா கெடக்கீங்க?"

சிரிப்பு நின்றுவிட்டது. "தொழில் தெரிஞ்சா போதுமா தாயி, தெம்பு வேண்டாமா? மேல ஒருத்தி பெருக்கித் தொடச்சு வச்சிருக்கா. திங்க ஒரு சருகு உண்டா, ஒதுங்க ஒரு நிழல் உண்டா? வெயில்ல வெந்து பாதிப் பேரு போயாச்சு. ஒரு வீடும், குடிக்க ஒரு வாய் இனிப்புக் கஞ்சியும் குடுத்தா எவ்வளவு வேணும்னாலும் பிடிச்சுத் தருவோம். உன் மச்சான்கிட்டக்கூட கேட்டோம். அவனுக்கே பத்தலைன்னுட்டான்."

மேலே வெயில் மஞ்சளாகத் தொடங்கியது. வாடை கடைசிச் சுற்றுக்குத் தயாராக வடக்கே போய் நின்று உறுமிக்கொண்டிருந்தான்.

"என் காலுக்குள்ள வாங்க," என்றாள் தட்டப்பயறு. "இலையில நான் காய்ச்சுற கஞ்சியில ஒரு பங்கு உங்களுக்கு. நான் இருக்கிறவரைக்கும்."

பொடிசுகளில் ஒன்று மெதுவாகச் சொன்னது: "கேட்டுக்கோ தாயி. நாங்க குடி வந்தா உன் கால் முடிச்சு முடிச்சா வீங்கும். மண்ணோட ஒட்டிக்கும். அதுக்கப்புறம் உன்னால ஒரு எட்டு வைக்க முடியாது."

அவளுக்கு ஓடை ஞாபகம் வந்தது. பாறை ஞாபகம் வந்தது. தை மாசத்து வெயிலில் மச்சான் தோளில் சாய்ந்து நடக்கிற அந்த நடை மொத்தமும் ஞாபகம் வந்தது. நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அடி இலை முழுக்கக் காய்ந்து தொங்கியது.

இன்னொரு காலையும் வெடிப்புக்குள் இறக்கினாள். "வாங்க," என்றாள்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள்! திபுதிபுவென்று ஒரு கூட்டம் அவள் காலுக்குள் ஏறியது. கால் முழுக்கக் குறுகுறுவென்று ஊறல். அவள் இலையில் காய்ச்சியிருந்த கஞ்சியெல்லாம் கீழே இறங்கியது, தலை சுற்றியது. தூங்குகிற காற்றின் மடியில் பொடிசுகள் கை வைத்தன. அள்ளு, கட்டு, முடி! அள்ளு, கட்டு, முடி! முந்தானையில் முடிகிற மாதிரி அவள் வேரில் ஒவ்வொரு முடிச்சாக முடிந்தன. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். எங்கும் போக முடியாத கொடி பக்கவாட்டில் படர்ந்தது. படர்ந்து, இலை விரித்து, வெடிப்பையெல்லாம் மூடியது.

சரியாக அப்போதுதான் வாடை வந்தான். "பொழுது சாஞ்சாச்சு! கரிசல் எனக்கு!" என்று இரண்டு கையையும் தரையில் விட்டு வாரினான். கையில் மண் வரவில்லை. இலைதான் வந்தது! இன்னொரு தடவை வாரினான். மேலே கொடி, கீழே வேர். நடுவில் கரிசலக்கா பத்திரமாக உட்கார்ந்துகொண்டு அவனைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள்.

"எவ அவ, குறுக்கே படுத்திருக்கிறவ?"

"நான்தான். உன் மடியில கை வச்சாச்சு. வந்து பாத்துக்கோ."

வாடைக்கு நம்பிக்கையில்லை. "காட்டு!" என்றான்.

"ஆத்தா, நீங்க வாங்க," என்று தட்டப்பயறு வெயிலுகந்தாளைக் கூப்பிட்டாள். "என்னால எந்திரிச்சு வரமுடியாது. என் கால்பக்கம் மெதுவா மண்ணை விலக்குங்க."

வெயிலுகந்தாள் முழங்காலிட்டு உட்கார்ந்து விரலால் மண்ணை விலக்கினாள். வேர் முழுக்கச் சின்னச் சின்ன உருண்டைகள், பாசிமணி கோத்த மாதிரி! ஒன்றை எடுத்து நகத்தால் கிள்ளினாள். உள்ளே ரத்தம் மாதிரிச் சிவப்பு. காடே கழுத்தை நீட்டிக்கொண்டு வந்து பார்த்தது. வாடை குனிந்து மோந்தான். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"அடடே... இது என் மடிச் சரக்கேதான்! எப்பளா எடுத்தே? எனக்குத் தெரியலையே!"

"நீ மேல துள்ளிக்கிட்டிருந்தே. கீழ நீயே தூங்கிக்கிட்டும் இருந்தே," என்றாள்.

வாடை விழுந்து விழுந்து சிரித்தான். பந்தயக்காரன் என்றாலும் அவன் யோக்கியன். "எடுத்தது உங்களுக்கு! இனி எந்த வெடிப்பு வழியா நான் உள்ள வந்தாலும் இவளுக்கு இதே மாதிரி எடுத்துக்க உரிமை உண்டு!" என்று கத்திக்கொண்டே பாறையைத் தாண்டிப் போய்விட்டான். வெயிலுகந்தாள் போட்டாளே ஒரு குலவை! பக்கத்துக் காட்டு மாடுகளெல்லாம் மிரண்டு திரும்பிப் பார்த்தன.

ஆட்டம் பாட்டமெல்லாம் அடங்கியபோது சோளம் தட்டப்பயறின் கையைப் பிடித்து இழுத்தான். "வாளா, வெயில் தாழ ஒரு நடை போயிட்டு வருவோம்."

அவள் அசையவில்லை.

"வரலை மச்சான். இனி எங்கயும் வரமாட்டேன்."

அவன் குனிந்து அவள் காலைப் பார்த்தான். முடிச்சுகளைப் பார்த்தான். விஷயம் விளங்க அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் அவள் பக்கத்தில் இடம் பார்த்து, தன் பெரிய காலிரண்டையும் கரிசலுக்குள் அழுத்தி ஊன்றினான்.

"என்ன மச்சான் செய்யுதே?"

"நீ நிக்கிற இடத்துல நானும் நிக்கேன். சாய ஆள் வேண்டாமா உனக்கு?"

பருத்தி பார்த்தாள். அவளுக்கு வெட்கமாகப் போச்சு. அவளும் காலை ஊன்றினாள். எள்ளு ஊன்றினாள். ஆமணக்கு கிழிந்த இலையை ஆட்டிக்கொண்டு, "எல்லாரும் நிக்கையில நான் மட்டும் தனியா எங்க போய் நடக்க?" என்று முனகிக்கொண்டே ஊன்றினான். செடிகளின் நடை அன்றைக்கு நின்றதுதான்.

அந்த வருஷம் தட்டப்பயறின் கால் வழியாகக் கொஞ்சம் சத்து கசிந்தது. அதைத் தின்று சோளம் உயிரைப் பிடித்துக்கொண்டான். கைப்பிடி அளவு கதிர் ஒன்று தள்ளினான். தட்டப்பயறோ முற்றிக் காய்ந்த காய்களை நெற்று நெற்றாகத் தொங்கவிட்டாள்.

தை பிறந்தது. களத்துக்கு யாரும் நடந்து வரவில்லை. வெயிலுகந்தாளே காட்டுக்கு வந்தாள். அறுவடை என்ற ஒன்று அதுவரை அவள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாதே! பாவம், அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: செடியைக் காலோடு சேர்த்துக் கொண்டுபோவது. நெற்றையெல்லாம் ஒடித்து மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு தட்டப்பயறின் அடித்தூரை இரண்டு கையாலும் பிடித்து, காலை விரித்து நின்று, இழுக்கத் தம் கட்டினாள். வேர் ஒன்று படக்கென்று அறுந்தது.

"ஐயோ, விடுங்க! விடுங்கத்தா!" தட்டப்பயறு அலறிய அலறலில் வெயிலுகந்தாள் பின்னால் போய் விழுந்தாள். சோளம் இலையெல்லாம் சரசரக்கப் பதறினான்.

"என்னளா? விளைஞ்சாச்சே, காஞ்சாச்சே. எடுத்துட்டுப் போகாம என்ன செய்ய?"

"எடுத்துக்கோங்க, யாரு வேண்டாம்னா? நெத்து உங்களுக்கு. கொடி மாட்டுக்கு. தரைக்கு மேல இருக்கிறது பூரா கொண்டுபோங்க. என் காலை மட்டும் இங்கயே விட்டுட்டுப் போங்க." அவளுக்கு மூச்சு வாங்கியது. உடம்பு காய்ந்து சருகாகிக்கொண்டிருந்தது. "அதுல எனக்குன்னு ஒண்ணும் வைக்கலை. வர்ற வருசம் மச்சான் பசியோட முளைச்சு வருவான். அவனுக்குச் சோறு முடிஞ்சு வச்சிருக்கேன்."

சோளம் நடுங்கினான். "நான் வரும்போது நீ இருக்கமாட்டியேளா..."

"நான் இல்லைன்னா என்ன மச்சான், சோறு இருக்கும்ல?"

வெயிலுகந்தாளுக்குத் தாங்கவில்லை. அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடி, புல்லறுக்கிற பன்னரிவாளை எடுத்து வந்தாள். தட்டப்பயறின் தலையை ஒருமுறை தடவிக்கொடுத்தாள். தூரில் அரிவாளை வைத்து, மண் அசையாமல், ஒரே இழுப்பு. கால் அப்படியே கரிசலுக்குள் தங்கிவிட்டது. சோளத்தையும் அதே மாதிரி அறுத்தாள். உதிர்ந்த சருகுகளைப் பெருக்கக் கை நீண்டது; பழக்கம் அல்லவா? சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். வீட்டில் அடுக்கியிருந்த வரட்டியையெல்லாம் நொறுக்கிக் கொண்டுவந்து கொட்டினாள்.

"இப்பத்தான் உங்களுக்குப் புத்தி வந்திருக்கு," என்றாள் கரிசலக்கா. அவள் பானை மெல்ல நிறைய ஆரம்பித்தது.

மறு ஐப்பசி. மழை கொட்டித் தீர்த்தது. வெயிலுகந்தாள் சோளத்தை விதைத்தாள். உழுத சோளச் சால் வரிசைகளுக்கு நடுவில் மறக்காமல் ஒரு சால் தட்டப்பயறு விட்டாள். நாலைந்து வரிசைக்கு ஒன்று. முளைத்து வந்த சோளம் வேரை இறக்கிய கையோடு ஒரு கூச்சல் போட்டான் பாருங்கள், காடே திரும்பியது!

"ஏ! யாரோ எனக்குச் சோறு முடிஞ்சு வச்சிருக்காங்க!"

இலை கருகருவென்று பச்சை பிடித்தது. ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்தான். கதிர் ஒவ்வொன்றும் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய கதிர்! பக்கத்துச் சாலில் அவனோடு முளைத்த ஒரு மெலிந்த கொடி தள்ளாடித் தள்ளாடிப் படர்ந்து அவன் பக்கம் எட்டியது.

"சாஞ்சுக்கிடட்டுமா மச்சான்?" என்று கேட்டாள்.

"சாஞ்சுக்கோளா," என்றான் அவன்.

அன்றைக்குத் தொட்டுத்தான் செடிகள் நடப்பதில்லை. சம்சாரிகள் சோளத்துக்கு நடுவில் பயற்றுச் சால் விடுகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் பயற்றங்கொடியைப் பிடுங்காமல் அறுக்கிறார்கள். நம்பிக்கையில்லை என்றால் பூத்து நிற்கிற ஒரு தட்டப்பயறின் தூரில் மண்ணை மெதுவாக விலக்கிப் பாருங்கள். முடிச்சு இருக்கும். ஒன்றே ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள், சிவப்பாக இருக்கும். பார்த்தாச்சா? மீதியைத் தொடாமல் மண்ணைப் போட்டு மூடிவிடுங்கள். அது மச்சானுக்கு வைத்த சோறு.